எருவையும் விரியனும்

வகுப்பறையில் கேட்கப்படும் வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியரிடம் விடை ஆயத்தமாகவே இருக்கும். ஆயத்தமில்லாத வினா எப்போதாவதுதான் வரும். வந்துவிட்டால் சில நாள் உறங்கவிடாது. அகநானூற்றின் மூன்றாம் பாட்டைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசை மாணவி ஒருவர் எழுந்து, "எருவை எப்படி இருக்கும், ஐயா?" என்று கேட்டார். "ஒருவகைக் கழுகு" என்று விடை சொல்லப்பட்டது. "எந்த வகை?" என்றார் அவர். மணி அடித்துவிட்டது. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த மணிதான்.

எங்களை என்று சொல்வதற்கு விளக்கம் தேவை. நாங்கள் நால்வர். ஒருவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவர். ஒருவர் சிறியதோர் அச்சகம் நடத்துபவர். நால்வரில் மூத்தவர், கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்கு மருத்துவம் பார்த்து, அண்மையில் ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு குன்றையோ குளக்கரையையோ தேடி நடப்பது பல ஆண்டுப் பழக்கம். இதை எழுதுவது தமிழ்க்காரரின் கைதான். ஆனால் நால்வரும் சேர்ந்து கண்டதை ஒருவர் மட்டும் தமதாகச் சொல்லிக்கொள்வது முறையன்று. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எருவை பற்றிய வினா அந்த மாத நடையின்போது எல்லோருக்கும் பொதுவாயிற்று. பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஓமை மரத்தின் பெருங்கிளையில் கூடு. கூட்டைவிட்டு அகல இயலாத பெட்டை. அதற்கு இரை தேடி எழுகிறது செவி சிவந்த எருவை. மலைச்சரிவில் புலி ஒன்று மரையாவைக் கொன்று, வேண்டுமட்டும் தின்றுவிட்டு விட்டுப்போன, முடைநாற்றம் வீசும் ஊனை அது கவர்கிறது. பொருள் தேடிப் பிரியத் தூண்டும் தன் நெஞ்சிடம் தலைவன் சொல்லும் பாட்டு அது. இருபது ஆண்டுகளாக அதை நாங்கள் பிரிவின் கொடுமைக்கும் பாலையின் வெம்மைக்கும் எடுத்துக்காட்டாக நடத்தி வந்திருக்கிறோம். அதில் ஒரு பறவையும் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தியதில்லை.

அச்சகக்காரர்தான் வழி காட்டினார். பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிய விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்று அவருடைய அச்சகத்தில் அச்சாகியிருந்தது. மெய்ப்புப் பார்க்கும்போது படித்தவற்றை அவர் ஒப்பித்தார். இப்பறவைகளை இன்று பறவையியலார் 'பாறு' என்ற பழஞ்சொல்லால் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதன்மையாகக் காணப்படுபவை நான்கு வகை: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. உயிருள்ளதை வேட்டையாடும் கழுகு வேறு, செத்ததைத் தின்னும் பாறு வேறு. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் கழுகு என்றே எழுதுகின்றன. சில வேளை வல்லூறு என்றும் எழுதிவிடுகின்றன. வல்லூறோ புறாவைவிடச் சற்றே பெரிய ஒரு வேட்டைப் பறவை.

"நான்காவது வகையை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்" என்றார் அவர். திருக்கழுக்குன்றத்தில் பார்த்தாராம். ஊரின் பெயரிலேயே கழுகு உண்டு. உச்சிவேளைக்குச் சற்று முன் மலைமேல் பாறையில் அமர்ந்து பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை நீட்ட, வெள்ளையும் மஞ்சளுமான இரு பறவைகள் இறங்கிவந்து உண்டுவிட்டுப் போகும். சாபம் பெற்ற முனிவர்கள் என்று தாத்தா சொல்லிக் கைகூப்பச் சொன்னாராம். பொங்கல் உண்ட அந்த முனிவர்கள் பிணந்தின்னிகள்தாம் என்பது துண்டறிக்கையை மெய்ப்புப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 1998க்குப் பிறகு அவை அங்கு வருவதில்லை.

"சீகூர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றனவாம்" என்று முடித்தார். போவது என்று அன்றே முடிவாயிற்று.

நிற்க. பயணத்தைச் சொல்வதற்குமுன் பாம்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் நடைகளில் பாம்பைக் காண்பது புதிதன்று. அதற்கு முந்தைய மே மாதம் ஒரு ஏரிக்கரையில் இரண்டு பாம்புகள் கயிறு முறுக்கியதுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, பாதி உடலை நிமிர்த்தி ஆடுவதைக் கண்டோம். ஊர்க்காரர் ஒருவர், சாரையும் நாகமும் பிணைகின்றன, வெள்ளைத் துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று துண்டை உருவிக்கொண்டு ஓடினார். உண்மையில் அவை இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெட்டைக்காக நடக்கும் மற்போர் அது. கடியில்லை, குருதியில்லை, எதிரியின் தலையைத் தரையில் அழுத்துபவன் வென்றான். நஞ்சே இல்லாத, வயலில் எலியைத் தின்று உழவனுக்கு உதவும் சாரையை, நாகத்தின் இணை என்று நம்பி அடித்துக் கொல்லும் ஊர்கள் எத்தனை!

அன்று வங்கிக்காரர் மட்டும் கரைமேலேயே நின்றுவிட்டார். பாம்பு இருக்கும் இடத்திற்கு அவர் வரமாட்டார். காரணம் எங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் அழைப்பதில்லை.

சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி மசினகுடி சேர்ந்தோம். உதகையின் பனியும் பசுமையும் மேலேயே நின்றுவிட்டன. கீழே வேறு நாடு. மலையின் மறைவில் மழை குறைந்த மேட்டுநிலம். முள்மரங்கள், வெளிறிய புல், செம்மண். ஒரு மலைப்பாதையின் தொலைவில் குறிஞ்சி முடிந்து பாலை தொடங்கியது போலிருந்தது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலையாகும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அதைக் காலால் நடந்து பார்த்தது அன்றுதான்.

வனத்துறையின் முன் அனுமதி பெற்றிருந்தோம். மறுநாள் விடியலில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். இருளர் குடியைச் சேர்ந்த இளைஞர். முப்பது வயது இருக்கலாம். பேசாதீர்கள், சிதறி நடக்காதீர்கள், யானை தென்பட்டால் ஓடுவதா நிற்பதா என்பதை நான் சொல்வேன் என்று மூன்றே கட்டளை இட்டார். கல்லூரி முதல்வரின் சுற்றறிக்கைக்குக்கூட நாங்கள் அவ்வளவு பணிந்ததில்லை.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். வெயில் அப்போதுதான் தரையைத் தொட்டிருந்தது. முன்னே சென்ற காவலர் கையை உயர்த்தினார். ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், காய்ந்த இலைகளின்மேல், யாரோ சுருட்டி வைத்த தடித்த கயிறுபோல் ஒன்று கிடந்தது. பழுப்பு உடலில் வரிசையாகக் கரிய விளிம்பிட்ட வட்டங்கள். அடுத்த கணம் குக்கரில் ஆவி பீறிடுவது போன்ற சீற்றம் எழுந்தது. கண்ணாடி விரியன்.

வங்கிக்காரரின் கையில் ஊன்றுகோல் இருந்தது. அது உயர்ந்ததை நாங்கள் கண்டோம். அவர் முகம் அப்போது எங்களுக்குத் தெரிந்த முகமாக இல்லை.

"சார், அடிக்காதீங்க. அப்படியே ரெண்டு எட்டு பின்னால போங்க. அது வெயில் காயுது" என்றார் காவலர். குரலை உயர்த்தவில்லை. கோல் அந்தரத்திலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு அது தாழ்ந்தது. நாங்கள் பின்வாங்கி, புதரைச் சுற்றி வளைத்து நடந்தோம். விரியன் இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

1996இல் அவருடைய தம்பி மஞ்சள் வயலுக்கு இரவில் நீர் பாய்ச்சப் போனார். வயது இருபத்திரண்டு. காலில் செருப்பில்லை, கையில் விளக்கில்லை. கடித்தது விரியன். முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு மணி நேரம் போயிற்று. மருத்துவமனை சென்று சேர்ந்தபோது ஈறுகளில் குருதி கசிந்துகொண்டிருந்தது. நச்சுமுறி மருந்து ஏற்றினார்கள். ஆயினும் சிறுநீரகங்கள் செயலிழந்து ஆறாம் நாள் இறந்தார். இதை வங்கிக்காரர் எங்களிடம் முழுதாகச் சொன்னது ஒரே ஒருமுறைதான்.

ஒரு பாறை நிழலில் அமர்ந்தபோது, காவலரிடம் அவர் கேட்டார்: "நீங்கள் பாம்பை அடிப்பதே இல்லையா?"

"வீட்டுக்குள்ள வந்தா பிடிச்சுக் கொண்டுபோய் விடுவோம் சார். காட்டுல அது இடம். நாமதான் கீழே பார்த்து நடக்கணும்."

அந்த விடை அவருக்கு நிறைவளித்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கும் அதை அவரிடம் நியாயப்படுத்தும் துணிவு இல்லை. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் ஊர்ப்புறத்து மக்கள். மிகுதியான உயிர்களைக் கொள்வது கண்ணாடி விரியன்தான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது வெறும் பழமொழியன்று. ஆனால் அந்த நஞ்சுக்கு மருந்தும் அதே நஞ்சிலிருந்துதான் வருகிறது. 1978இல் மாமல்லபுரம் அருகே தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சே பெரிய ஆதாரமாக இருந்து வந்திருக்கிறது. 2023இல் அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்புக்குத் தமிழில் உள்ள பெயர்களுள் 'கட்செவி' ஒன்று. கண்ணையே செவியாகக் கொண்டது என்று பொருள். புறச்செவி இல்லாததைக் கண்டு, அது கண்ணால் கேட்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு தவறு, தரையின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியாக அது உணர்கிறது. ஆனால் செவியில்லை என்பதை அறிய, பாம்பின் தலையை யாரோ ஒருவர் அருகிருந்து, அடிக்காமல், உற்றுப் பார்த்திருக்க வேண்டும். இதை வங்கிக்காரரிடம் அப்போது சொல்லவில்லை. சில செய்திகளுக்கு நேரம் உண்டு.

முற்பகல் பத்து மணி அளவில் காவலர் வானத்தைக் காட்டினார். வெயில் ஏறிக் காற்று சூடாகும்வரை பாறுகள் எழுவதில்லை. எழுந்தபின் சிறகசைப்பதே இல்லை. மிக உயரத்தில் கரும்புள்ளிகளாக வட்டமிட்டுக்கொண்டிருந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் சரிந்து இறங்கின. "புலி அடிச்சது ஏதோ கிடக்கு" என்றார். ஓடையின் இக்கரையில் உயர்ந்ததொரு பாறைத்திட்டில் எங்களை ஏற்றி அமர்த்தினார். அக்கரையில், கண்ணுக்கெட்டும் தொலைவில், கடமான் ஒன்றின் உடல். அப்பால் நீர்மருத மரங்கள். அவற்றின் உச்சிக்கவட்டில் சுள்ளிக் கூடுகள், கிளைகளில் சுண்ணாம்பு வழிந்தது போன்ற எச்சம்.

தொலைநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். எண்ணியதில் பத்தொன்பது வெண்முதுகுப் பாறுகள். கரிய உடல், கழுத்தடியில் வெள்ளைத் துண்டு சுற்றியது போன்ற மயிர்வளையம், சிறகை விரிக்கையில் முதுகில் ஒரு வெண்பட்டை. ஒன்றையொன்று தள்ளுவதும், முணகுவதும், இறக்கை விரித்துப் பாய்வதுமாகக் கல்யாண வீட்டுப் பந்தியின் முதல் வரிசை போலிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது முடைநாற்றம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டோம், கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் அவை வந்தன. இரண்டு. கூட்டத்தோடு சேராமல் சற்றுத் தள்ளி இறங்கின. உடல் கரி. தலையும் கழுத்தும் முழுச் சிவப்பு. தலையைத் திருப்பியபோது, செவியின் பின்னிருந்து இருபுறமும் சிவந்த தோல்மடல் ஒன்று தொங்கியது தெளிவாகத் தெரிந்தது. தொலைநோக்கி அப்போது தமிழ்க்காரர் கையில் இருந்தது. அவர் அதை வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

செவி சிவந்த எருவை! புலவர் அடைமொழிக்காக அந்தச் சொல்லைப் போடவில்லை. மோனைக்காகவும் போடவில்லை. அப்படித்தான் அது இருக்கிறது. கூடு மரத்தில் இருக்கிறது. புலி விட்ட ஊன் கீழே கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பாட்டிலிருந்து, ஒரு மரத்தின் பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. "ஒருவகைக் கழுகு" என்று இருபது ஆண்டுகள் சொல்லிவந்தது நினைவுக்கு வந்து வெட்கமாயிற்று.

"இங்கே முன்பு எவ்வளவு இருக்கும்?" என்று கால்நடைக்காரர் கேட்டார். அதுவரை அவர் அதிகம் பேசியிருக்கவில்லை.

"நான் பாக்கல சார். ஒரு மாடு செத்தா நெழல் விழுற அளவுக்கு வரும்னு பாட்டி சொல்லும்" என்றார் காவலர்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முறை வந்தபோது தொலைநோக்கியை வாங்கவுமில்லை.

அன்று மாலை மசினகுடியில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்திருந்தபோது, அவரே அச்சகக்காரரிடம் கேட்டார்: "அந்தத் துண்டறிக்கையில் மருந்தைப் பற்றி என்ன போட்டிருந்தது? முழுதாகச் சொல்."

அவர் சொன்னார். 1990களில் இந்தியாவில் பாறுகள் கூட்டங்கூட்டமாக மறையத் தொடங்கின. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்தன. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. நோயா, பூச்சிக்கொல்லியா என்று பலவாறு தேடினார்கள். 2004இல் காரணம் தெரிந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்குப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் ஊசிமருந்துதான் அது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால், அதன் ஊனில் தங்கிய மருந்து பாறுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கிறது. அடைப்பான் நோயால் செத்த மாட்டையும் தின்று செரிக்கும் வயிறு. மனிதன் கண்டுபிடித்த வலிநீக்கிக்கு அதில் இடமில்லை. எல்லா மாட்டுடலிலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே அத்தனை பேரழிவுக்கும் போதுமாம். ஓர் உடலைச் சுற்றி அத்தனை பறவைகள் கூடுகின்றன. ஆண்டுக்கு இடுவதோ ஒரே முட்டை.

"சிறுநீரகமா?" என்று கேட்டது வங்கிக்காரர்.

"ஆம்."

கால்நடைக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். "மலிவான மருந்து. படுத்த மாடு அரைநாளில் எழுந்து நிற்கும். உழவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். எத்தனை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும், வலியில்லாமல் போகட்டும் என்று போட்டிருக்கிறேன்." சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "நூற்றில் ஒன்று என்கிறாய். அந்த ஒன்று என் கையிலிருந்துதானே போயிருக்கும்."

இரக்கத்தால் செய்த செயல் அது. யாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டதையும், மனிதருக்கான பெரிய புட்டிகளை மாடுகளுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 2015இல் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டதையும், 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியவையும் பின்னர் நிமிசுலைடும் தடைக்குள்ளானதையும் அச்சகக்காரர் சொல்லிக்கொண்டே போனார். மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குக் கேடில்லாதது என்றும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் பெற்றதாகத் தோன்றவில்லை.

துண்டறிக்கையில் இல்லாத ஒன்றும் உண்டு. 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வை ஊர் திரும்பியபின் படித்தோம். பாறுகள் மறைந்ததால் செத்த மாடுகள் வெளியில் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்களும் வெறிநாய்க்கடியும் பெருகின. அதனால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக நேர்ந்த மனித உயிரிழப்பு ஏறத்தாழ 5 லட்சம் என்று அது மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு 1 லட்சம். பாம்புகள் எல்லாம் சேர்ந்து கொண்ட உயிர்களைக் காட்டிலும் இது மிகுதி. நஞ்சுடைய உயிரைக் கண்ட இடத்தில் அடிக்க நம் கை எழுகிறது. பிணந்தின்னும் பறவையைக் கண்டால் முகம் சுளிக்கிறது. புட்டியில் இருந்த நஞ்சை மட்டும் நாம் யாரும் அஞ்சவில்லை. அதன்மேல் மருந்து என்று எழுதியிருந்தது.

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். நெடுநேர அமைதிக்குப் பிறகு வங்கிக்காரர், மூத்தவரின் தோளில் கை வைத்தார். "நீங்கள் தெரிந்தா செய்தீர்கள், அண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த விரியன் மட்டும் தெரிந்தா கடித்தது, தம்பி?"

சொன்னபின் அவரே திடுக்கிட்டுப் போனார். இருபத்தெட்டு ஆண்டுத் துயரத்தின்மேல் கை வைத்துவிட்டோம் என்று எண்ணினார் போலும். நாங்கள் எல்லோரும் வங்கிக்காரரின் முகத்தைப் பார்த்தோம். அவர் சினக்கவில்லை. "இருட்டில் அவன் மிதித்திருப்பான்" என்றார். இரவில், வெறுங்காலோடு, விளக்கில்லாமல் தம்பியை அனுப்பியது யார் என்பதையும் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை பேருந்தில் ஏறும்வரை பாம்பைப் பற்றியோ பறவையைப் பற்றியோ யாரும் பேசவில்லை. வளைவுகளில் ஏறும்போது கால்நடைக்காரர் சன்னலோரம் அமர்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் தென்படவில்லை.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. கால்நடைக்காரர் தம் பழைய பணியிடங்களின் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வாரம் ஒன்றாகச் சென்று, பால் ஊற்ற வருபவர்களிடம் எந்த மருந்தைப் போடலாம், எதைப் போடலாகாது என்று சொல்லி வருகிறார். அத்துடன், செத்த மாட்டில் நஞ்சு வைத்துப் புலியையும் சிறுத்தையையும் கொல்லும் பழக்கம் பாறுகளையும் சேர்த்துக் கொல்கிறது என்றும் சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர், ஐயா ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் பேசுகிறார் என்கிறார்கள். வங்கிக்காரர் சில நாள் அவருடன் செல்கிறார். தம் வயலில் வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரை வரும் காலணியும் கைவிளக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சங்கக் கூட்டங்களில் அவர் பேசுவது ஒரே செய்திதான்: பாம்பு கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, மந்திரிக்கப் போகாதே, நேரே மருத்துவமனைக்குப் போ. பாம்பை மன்னித்துவிட்டாரா என்று நாங்கள் கேட்டதில்லை. அடுத்த நடையின்போது அவர் ஊன்றுகோலை எடுத்து வந்தார். அதைத் தரையில் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அதிர்வு தெரிந்தால் அவை தாமே விலகிவிடும் என்றார். 'கட்செவி' என்ற சொல்லை அன்று சொன்னோம். "நல்ல சொல்" என்றார்.

வகுப்பில் அந்தப் பாட்டை மறுபடியும் எடுத்தோம். பாடத்திட்டத்தில் அதற்கு நேரமில்லை, ஆயினும் எடுத்தோம். அச்சகக்காரர் எடுத்த படம் தெளிவாக இல்லை. கரிய உருவமும் அதன் மேல் ஒரு செம்புள்ளியுமாக இருந்தது. எனவே கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, செவிமடலைச் சிவப்பில் தீட்டினோம். ஓவியம் கோழிக்கும் மயிலுக்கும் இடைப்பட்டதாக அமைந்து வகுப்பு சிரித்தது. கடைசி வரிசை மாணவி சிரிக்கவில்லை.

"இப்போதும் இருக்கிறதா, ஐயா?" என்றார்.

இருக்கிறது என்று சொன்னோம். எங்கே என்று சொன்னோம். எத்தனை என்றும் அவர் கேட்டார். 2023 திசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில், எல்லா வகைப் பாறுகளும் சேர்த்து 320 என்று சொன்னோம். அவர் குறிப்பேட்டில் 'எருவை' என்று எழுதி, அதன் எதிரே அந்த எண்ணையும் குறித்துக்கொண்டார். தேர்வில் அது கேட்கப்படாது என்று அவருக்கும் தெரியும்.